சகாதேவன் சொன்ன இரண்டு கிளைமாக்ஸ்

சகாதேவனுக்குத் தொண்டை போய்க்கொண்டிருந்தது. சினிமாக்காரனுக்கு முழங்கால் போனால் சமாளித்துக்கொள்ளலாம். காது போனால் இன்னும் விசேஷம், தயாரிப்பாளர் திட்டுவது கேட்காது. தொண்டை போனால்தான் பிழைப்பே போச்சு. நம் ஊரில் ஒரு படத்தை எடுப்பதற்கு முன்னால் அதை வாயால் ஒருமுறை ஓட்டிக் காட்டியாக வேண்டும். எழுதிக் கொடுத்தால் ஒருத்தரும் படிக்க மாட்டார்கள். பைண்ட் பண்ணிய புத்தகத்தை நீட்டினால் வாங்கி, அதன்மேல் காபி டம்ளரை வைத்துவிட்டு, “அது கெடக்கட்டும் சார், நீங்க சொல்லுங்க” என்பார்கள். இரண்டரை மணி நேரம் சொல்ல வேண்டும். பாட்டு வரும் இடத்தில் தொடையில் தாளம் போட வேண்டும். சண்டையில் எழுந்து நின்று குத்துவிட வேண்டும். அம்மா சாகும்போது குரல் உடைய வேண்டும், உடைந்த சூட்டோடு சூடாக ஒட்டிக்கொண்டு அடுத்த காமெடிக்குத் தயாராகவும் வேண்டும்.

ஐம்பத்தாறு வயதுக்குள் சகாதேவன் செய்யாத எழுத்து வேலை கிடையாது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மெட்ராஸுக்கு பஸ் ஏறிய புதிதில் மாத நாவல் எழுதினார். அட்டையில் துப்பாக்கி இருக்கும், ஒரு பெண் இருப்பாள், இவர் பேர் மட்டும் இருக்காது. அப்புறம் சீரியலுக்கு வசனம். ஒரே வீட்டுக்குள் ஒரு மாமியாரையும் ஒரு மருமகளையும் நான்கு வருஷம் அழவிட்டார். அப்புறம் தெலுங்குப் படங்களுக்கு டப்பிங் வசனம். வாயசைவுக்கு ஏற்ற வார்த்தையைத் தேடித் தேடி, வீட்டில் மனைவி அருணாதேவி பேசும்போதும் முகத்தைப் பார்க்காமல் உதட்டையே பார்க்க ஆரம்பித்து அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினார். பெரிய இயக்குநர்கள் சிலருக்குப் பேர் போடாமல் திரைக்கதையை ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். சொந்தமாக ஒரு படமும் இயக்கினார். அது ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை வெளியாகி, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சுவரில் ஒட்டிய போஸ்டரோடு கரைந்து போனது.

இத்தனைக்கும் நடுவில், யாரும் கேட்காமல் ஒரு நாவல் எழுதினார். பேர் ‘தொன்னை’. கோயிலில் பொங்கல் வைத்துக் கொடுக்கிற இலைக் கிண்ணம் இருக்கிறதே, அந்தத் தொன்னைதான். பதிப்பாளர் நல்ல மனுஷர். எங்கே பார்த்தாலும், “உங்க புக்கு பத்திரமா இருக்கு சார், கட்டிலுக்கு அடியில” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

கதை இதுதான். வேடியப்பன் என்று ஒருவன், மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற விவசாயி. கார்த்திகை தீபத்துக்கு மகனைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வருகிறான். பையன் பசிக்கிறது என்கிறான். “இங்கயே நில்லு, அப்பா பொங்கல் வாங்கினு வர்றேன்” என்று அன்னதான வரிசையில் போய் நிற்கிறான் வேடியப்பன். தொன்னையோடு திரும்பி வந்தால் பையன் இல்லை. அன்றையிலிருந்து பௌர்ணமி தவறாமல் கிரிவலப் பாதையில் வந்து தேடுகிறான். வருஷங்கள் ஓடுகின்றன, தலை நரைக்கிறது. ஒரு நாள் அன்னதானம் போடுகிற ஓர் இளைஞனைப் பார்க்கிறான். அவன்தான் மகன். யாரோ நல்லவர்கள் எடுத்து வளர்த்திருக்கிறார்கள், வளர்த்தவர்களை “அப்பா, அம்மா” என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறான். வேடியப்பன் வரிசையில் நிற்கிறான். மகன் கையால் ஒரு தொன்னைப் பொங்கல் வாங்குகிறான். ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறான்.

இதைப் படமாக்கத்தான் சகாதேவன் பதினைந்து வருஷமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். இடைவேளை வரைக்கும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். முடிவு வந்ததும் முகம் தொங்கிவிடும். “அப்பன் சும்மா போயிடறானா? அப்புறம் இன்னாத்துக்கு சார் படம்?” என்று ஒரு தயாரிப்பாளர் கேட்டார். இன்னொருவர் சேரில் சாய்ந்துகொண்டு தூங்கியே விட்டார். அடி வாங்கி அடி வாங்கி சகாதேவனும் ஒரு ஸ்பேர் கிளைமாக்ஸ் தயார் பண்ணி வைத்திருந்தார். அதில் மகன் ஒரு ரவுடிக் கூட்டத்தின் கையாள். தேரோட்டத்தில் சண்டை. கத்தி இறங்கப் போகும் நேரத்தில் அப்பன் தன்னை யாரென்று சொல்கிறான். “அப்பா!” என்று ஓர் அலறல், ஒரு கட்டிப்பிடி, மேலே பூ கொட்டுகிறது. கேட்கிறவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே போவார். கை செல்போனுக்குப் போனால் ஸ்பேரை எடுத்துவிடுவார். இந்த முகம் பார்க்கிற வித்தையில் தன்னை அடிக்க ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது.

குரல் கம்ம ஆரம்பித்தபோது சளி என்று விட்டுவிட்டார். அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், குழாய் விட்டுப் பார்த்து, புற்று என்றார்கள். குரல்வளையையே எடுத்தாக வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். “உயிருக்கு ஒண்ணும் ஆகாது. பேச்சுதான் பழையபடி வராது. அதுவரைக்கும் பேச்சைக் கம்மி பண்ணிக்கங்க, விடாம பேசினா ஒரு நாள்கூட தாங்கற தொண்டை இல்ல இது” என்றார் டாக்டர். சென்னை வீட்டைக் காலி பண்ணிவிட்டு, அருணாதேவி கணக்கு டீச்சராக இருக்கும் திருவண்ணாமலைக்கே வந்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் குமரேசன் போன் பண்ணினான். நடிகர் எழிலுக்கு மேனேஜர்.

“சார், எழில் சாரு செவ்வாய்க்கிழமை கிரிவலம் வர்றாரு. உங்க கதைய கேக்கணுமாம். வேற டைம் இல்ல, நடந்துக்கினே கேட்டுக்கறேன்னாரு. இந்த வருஷம் ஒரே ஒரு படந்தான் பண்றாரு. புதன்கிழமை காலைல இன்னொரு டைரக்டரு பேய்க்கதை சொல்ல வர்றாரு. ரெண்டுல ஒண்ணு. இன்னா சொல்றீங்க?”

“வர்றேன்” என்று சகாதேவன் சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமி இன்னொரு தடவை சொன்னார்.

அருணாதேவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் நின்றாள்.

“வெள்ளிக்கிழமை ஆபரேஷன வெச்சிக்கினு பதினாலு கிலோமீட்டர் பேசிக்கினே நடக்கப் போறீங்களா? இன்னா, பைத்தியம் கியித்தியம் புடிச்சிடுச்சா உங்களுக்கு?”

“இதான் கடைசி, அருணா. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்னை யாரு கூப்பிட்டு உக்கார வெச்சி கத கேப்பாங்க? ஊமை டைரக்டர எவன் நம்புவான்?”

அவள் உள்ளே போய் அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாள். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவளே பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி, தோள்பையில் வைத்து, அவர் தோளில் மாட்டிவிட்டாள். “ஒண்ணே ஒண்ணுங்க. அந்த முடிவ மட்டும் மாத்திடாதீங்க. உங்க வாழ்க்கையில நீங்க பண்ணதுலயே அதுதான் உருப்படி. இத நான் பொண்டாட்டியா சொல்லல.”

“மாத்த மாட்டேன்” என்றார். அப்போது மனதாரத்தான் சொன்னார்.

ராஜகோபுரத்துக்கு முன்னால் பூக்கடைகளில் சரம் தொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். எழில் வேட்டி கட்டி, வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்குக்குக் கீழே முழுக்க மாஸ்க். சகாதேவனைப் பார்த்ததும் கைகூப்பினான், அவ்வளவுதான். குமரேசன் ஓடி வந்தான்.

“சார், ஒரு விஷயம். எழில் சாரு மௌன விரதம். சுத்தி முடிச்சி இங்க வந்து கற்பூரம் ஏத்தற வரைக்கும் வாயே தெறக்க மாட்டாரு. ‘ம்’கூட கொட்ட மாட்டாரு. நீங்க பாட்டுக்கு சொல்லிக்கினே வாங்க. நான் பின்னால கார்ல வர்றேன்.”

சகாதேவன் எழிலைப் பார்த்தார். கதை சொல்கிறவனுக்கு ‘ம்’தான் சோறு. அதுவும் இல்லை, முகமும் இல்லை. மாஸ்க்குக்கும் தொப்பிக்கும் நடுவில் கறுப்புக் கண்ணாடியில் தன் மூஞ்சிதான் தெரிந்தது, அதுவும் கோணலாக. சரி, ஆண்டவன் விட்ட வழி என்று ஆரம்பித்தார்.

ஆரம்பித்த பிறகு பயம் போய்விட்டது. குரல் அன்றைக்கு அதிசயமாக எழும்பி வந்தது. அணையப்போகும் விளக்கு பளிச்சென்று எரியுமே, அதுபோல என்று அவரே நினைத்துக்கொண்டார், நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்ளவும் செய்தார். அக்னி லிங்கம் தாண்டுவதற்குள் வேடியப்பனையும் மகனையும் பஸ் ஏற்றி, தீபக் கூட்டத்தில் இறக்கிவிட்டார். பையன் பசிக்கிறது என்று சொல்லும் இடத்தில் அப்படியே பையனாகவே ஆகிவிட்டார். எதிரில் வந்த இரண்டு பெண்கள் நின்று, என்ன ஏதென்று பார்த்துவிட்டுப் போனார்கள். தொன்னையை ஏந்திக்கொண்டு வேடியப்பன் கூட்டத்தைப் பிளந்து வரும் இடம். “மதி! டேய் அறிவுமதி!” மகன் பேரைச் சொல்லிச் சகாதேவன் கத்தினார். டீக்கடைப் பக்கம் படுத்திருந்த சாமியார் ஒருவர் எழுந்து உட்கார்ந்து, “யாரத் தேடறீங்க?” என்று கேட்டார்.

எழில் நடந்துகொண்டே இருந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எமலிங்கம் போயிற்று. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேடியப்பன் வந்து தேடுவதைச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் குனிந்து குனிந்து பார்த்து, பிள்ளை பிடிக்கிறவன் என்று அடி வாங்குவதைச் சொன்னார். இந்த இடத்தில் கல்லும் கரையும் என்பது அவர் அனுபவம். எழில் கரைந்தானா இல்லையா என்று தெரிந்தால்தானே! விடிந்து வெளிச்சம் வந்தும் மாஸ்க்கையும் கண்ணாடியையும் தாண்டி முகம் தெரியவில்லை. சகாதேவன் இரண்டடி முன்னால் போய், பின்பக்கமாக நடந்து பார்த்தார். ஒரு பால்காரர் சைக்கிளில் மோதப் பார்த்ததுதான் மிச்சம்.

அடி அண்ணாமலையில் கடைகள் திறந்துகொண்டிருந்தன. இடைவேளையும் அங்கேதான் வந்தது. மகனைத் தேடி அலுத்துப்போன வேடியப்பன், இனி பொங்கலே தொடுவதில்லை என்று கையில் இருந்த தொன்னையை மலையைப் பார்த்து விட்டெறிகிறான். “இன்டர்வெல்!” என்று சொல்லி மூச்சு வாங்க நின்றார் சகாதேவன். எழில் நிற்கவில்லை. நிற்காதது மட்டுமில்லை, நடையை எட்டிப் போட்டான். இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவி, கண்ணாடிக்கு அடியில் விட்டுத் துடைத்துக்கொண்டு இன்னும் வேகமாகப் போனான்.

சகாதேவன் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். வெந்நீர் இறங்கும்போது முள்ளை விழுங்கியதுபோல் வலித்தது. வியர்க்கிறது இவனுக்கு, அதான் துடைக்கிறான். வேகமாகப் போகிறான் என்றால் சீக்கிரம் முடித்துவிட்டு ஏ.சி. காரில் ஏறப் பார்க்கிறான். போரடிக்கிறது. செல்போன் இல்லாததால் காலால் தள்ளுகிறான். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம், இது தெரியாதா! ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பிடித்தார். குரலில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. சொல்லில் பாதி வெளியே வந்து பாதி உள்ளேயே தங்கியது.

இடுக்குப் பிள்ளையாரிடம் ஒரு நப்பாசை. அந்தச் சின்னச் சந்துக்குள் படுத்து நுழைந்து வர வேண்டும், அப்படி வரும்போது மாஸ்க் விலகும், முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டால் போதும். சகாதேவன் அந்தப் பக்கம் போய் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பொந்துக்குள் முகத்தை நீட்டி, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். உள்ளே ஊர்ந்து வந்த அம்மாள் ஒருத்தி அலறிவிட்டாள். “பிள்ளையாரே பேசறாருன்னு நெனச்சிட்டன்பா!” என்று மார்பைத் தடவிக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் எழில் வந்தான். ஒரு கையால் மாஸ்க்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் வந்தான்.

அங்கேதான் சகாதேவன் உடைந்தார். இவனையும் விட்டுவிட்டால் வாழ்நாளில் இனி ஒருத்தன் முன்னாலும் வாயைத் திறக்கப் போவதில்லை. மாத நாவல், சீரியல், டப்பிங், பேர் போடாத வசனம், ஒரு வாரப் படம் என்று எல்லாம் சேர்ந்து வந்து நின்ற இடம் இந்தத் தார் ரோடு. வெள்ளிக்கிழமை கழுத்தில் ஓட்டை போட்டுவிடுவார்கள். அருணாதேவி சொன்னது நினைவுக்கு வந்தது. அருணாவுக்கு என்ன தெரியும், அவளா ஹீரோ என்று நினைத்தார். பயம் வந்துவிட்டால் மனுஷனுக்கு இப்படியெல்லாம் நினைக்க நன்றாகவே வரும்.

ஸ்பேரை எடுத்துவிட்டார்.

எடுத்ததுதான் தாமதம், கதை நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. அன்னதானம் போட வேண்டிய மகன் அரிவாளோடு வந்தான். தேர் வந்தது, வடம் அறுந்தது, வில்லனின் ஆட்கள் கோபுரத்து மேலிருந்து குதித்தார்கள். ஈசானிய லிங்கத்துக்கு முன்னால், ரோட்டோரம், ஐம்பத்தாறு வயதுக்காரர் ஒருத்தர் தோள்பையும் பிளாஸ்க்குமாக எகிறி எகிறி உதைத்தார். இருந்த குரலை எல்லாம் வழித்தெடுத்துக் கடைசி வசனத்துக்குப் போட்டார்.

“வெட்டுடா! பெத்தவன வெட்டிட்டு அப்புறம் உன் பேர் இன்னான்னு என்கிட்ட கேளு!”

‘கேளு’ என்ற சொல்லின் நடுவில் குரல் அறுந்தது. சாய்ந்தாற்போல் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டார். மீதியைக் கையால்தான் காட்டினார், கட்டிப்பிடிப்பதையும் பூ கொட்டுவதையும். வாய்க்குள் ரத்தம் கரித்தது. ‘வணக்கம்’ என்று சொல்லி முடிப்பது அவர் வழக்கம். அதற்கு வெறும் காற்றுதான் வந்தது.

எழில் ஒரு நிமிஷம் நின்று அவரைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். இப்போது அவன் நடையில் வேகமே இல்லை.

ராஜகோபுரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு எழில் மாஸ்க்கையும் கண்ணாடியையும் கழற்றினான். அவன் கண்கள் செக்கச்செவேல் என்று வீங்கியிருந்தன. அதைப் பார்த்ததுமே சகாதேவனுக்குப் பாதி புரிந்துவிட்டது.

“சார்” என்றான் எழில். “தொன்னை இன்னா ஆச்சு?”

சகாதேவன் விழித்தார்.

“புக்கு படிச்சிருக்கேன் சார். லாக்டவுன்ல எங்க அக்கா குடுத்துச்சு. நாலஞ்சி தடவ படிச்சிட்டேன். அடி அண்ணாமலைல நீங்க இன்டர்வெல் சொன்னப்ப எனக்குத் தாங்கல. அழறத யாராச்சும் வீடியோ எடுத்துடப் போறாங்களேன்னுதான் வேகமா நடந்தேன். சரி, கடைசில அந்த வரிசை வரப்போவுது, பையன் கையால வாங்கிக்கினு போவப்போறான்னு காத்துனு இருந்தா, நீங்க தேரு, அரிவாளுன்னு போயிட்டீங்களே சார்!”

சகாதேவன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

“அந்தக் கடைசி நாலு பக்கமும் அப்பன் மனசுக்குள்ளயே பேசிக்கறான். புக்குல அது நல்லாருக்கு. சினிமாவுல மனசுக்குள்ள பேச முடியாதே, இந்த மனுஷன் அத எப்படி எடுக்கப்போறாருன்னு கேக்கத்தான் உங்கள வரச்சொன்னேன். மத்ததெல்லாம் எனக்குத் தெரியுமே. உங்களுக்கே அதுல நம்பிக்கை இல்லன்னா நான் எப்படி சார் பண்றது?” கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னான். “பரவால்ல. இப்ப சொல்லுங்க. அந்த ஒரு சீனு மட்டும்.”

பூக்கட்டும் பெண்கள் எழுந்து வர ஆரம்பித்திருந்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் செல்போனைத் தூக்கிவிட்டார். குமரேசன் கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, “கூட்டம் கூடுது சார், ஏறிடுங்க. இவரு நாளைக்கு போன்ல சொல்லட்டும்” என்றான்.

நாளைக்கு! சகாதேவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு முக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. பிளாஸ்க்கைக் கவிழ்த்தால் சொட்டுக்கூட இல்லை. எழுதிக் காட்டலாம் என்று பார்த்தால், எழுதியதைத்தான் அவன் நாலைந்து தடவை படித்தாயிற்றே. வாழ்நாளில் முதல்முறையாக, வீட்டுக்கு வெளியே தன் நாவலைப் படித்த ஒருத்தன் எதிரில் நிற்கிறான், அவனிடம் போய்ப் பொய்க் கதையைச் சொல்லி மிச்சமிருந்த குரலை அழித்தாயிற்று. அந்த இடத்திலேயே செத்துப்போனால் தேவலை என்று இருந்தது.

அப்போதுதான் கொஞ்ச தூரத்தில் அதைப் பார்த்தார். ஏதோ ஒரு குடும்பம் ஆட்டோவிலிருந்து அண்டாவை இறக்கிவைத்து அன்னதானம் போட்டுக்கொண்டிருந்தது. அண்டாவுக்குப் பின்னால் தாடி வைத்த ஓர் இளைஞன் கரண்டியோடு நின்றான். எதிரில் வரிசை நீண்டிருந்தது.

சகாதேவன் எழிலின் இரண்டு தோள்களையும் பிடித்தார். குமரேசன், “சார், சார்” என்று பதறினான். அவர் காதில் வாங்காமல் எழிலைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூக்கடை ஓரம், அண்டாவும் வரிசையும் பக்கவாட்டில் தெரிகிற இடத்தில் நிறுத்தினார். காமிராவை நிறுத்துவதுபோல நிறுத்தி, முகத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பிவிட்டார். தோள்பையைக் கழற்றி அவன் காலடியில் வைத்தார். போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. பதினைந்து வருஷமாகத் தெரியாது, அதனால்தான் ஸ்பேர் தேவைப்பட்டது. வரிசை நகர நகர அவர் வேடியப்பனாக நடிக்கவில்லை, நடிக்கத் தெம்பும் இல்லை. வாயில்லாத, கால் கொப்பளித்த, எல்லாவற்றையும் தொலைத்த ஒரு கிழவனாக நின்றார், அது போதுமானதாக இருந்தது. அண்டாவுக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த இளைஞனின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. கையைத்தான் பார்த்தார். கரண்டி பிடித்த கை, விரல் முட்டியில் ஒட்டிய பருப்பு, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. சின்னக் கையாக இருந்தபோது இந்தக் கையை விட்டுவிட்டல்லவா போனோம் என்று தோன்றியது. தன் பிள்ளையே தொலைந்ததுபோல் இருந்தது. பிறகுதான் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் இரண்டு கைகளும் தானாக நீண்டன.

தொன்னை உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. கை பொத்துப்போகிற சூடு. விடவில்லை.

“பெரியவரே, சூடா இருக்கு, பாத்து” என்றான் அவன்.

சகாதேவன் நகரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணிலிருந்து வழிந்து தாடையில் சொட்டியது. இளைஞன் இன்னொரு தொன்னையை எடுத்து, “இன்னொண்ணு வேணுமா?” என்று கேட்டான். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு, யாரோ அன்பாக வளர்த்த பிள்ளையின் சிரிப்பு.

“அப்ப தள்ளிக்கங்க பெரியவரே. பின்னால பசியோட நிக்கறாங்க பாருங்க.”

அவ்வளவுதான். நாலு பக்கம் எழுதியும் கிடைக்காதது அதுதான். அப்பன் தியாகமெல்லாம் பண்ணிக்கொண்டு போகவில்லை. மகன் தள்ளிக்கொள்ளச் சொல்கிறான், இவன் தள்ளிக்கொள்கிறான். பின்னால் வேறு யாரோ பசியோடு நிற்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்த பிள்ளையாக வளர்ந்திருக்கிறான், அது போதும் என்று போகிறான். சகாதேவனுக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தள்ளிக்கொண்டார்.

பூக்கடைப் பக்கம் போகவில்லை. வேடியப்பன் போகிற வழி அது இல்லை, அவன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகிறான். சகாதேவனும் அந்தப் பக்கமே திரும்பி, தொன்னையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவில் நடந்தார். நடந்துகொண்டே ஒரு விரல் பொங்கலை எடுத்து வாயில் வைத்தார். நெய்யும் மிளகும் புண்ணில் பட்டு நெருப்பாக எரிந்தது. விழுங்கினார்.

பின்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எழில் ஏறிவிட்டானா, இல்லை குமரேசன்தான் சாத்தினானா? ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். வாழ்க்கை முழுக்க எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பிழைத்த மனுஷருக்குக் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். வேடியப்பன் திரும்ப மாட்டான். திரும்பினால் காட்சி கெட்டுவிடும்.

நடந்துகொண்டே இருந்தார். யாரோ வெறுங்காலோடு அவசரமாகப் பின்னால் வருகிற மாதிரி இருந்தது. எழிலும் வெறுங்கால்தான், ஆனால் அந்தத் தெருவில் எல்லோரும் வெறுங்காலோடுதான் வருகிறார்கள்.